ஜோதியம்மாள் கிட்டார் பிடித்த விதம்

எங்கள் சங்கத்துக்குத் தலைவர் கிடையாது, சந்தா கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. வாட்ஸ்அப்பில் ‘ஆறு கம்பி’ என்று ஒரு குழு, ஓசூர் பாகலூர் ரோட்டில் தௌசிப்பின் செல்போன் கடைக்கு மேலே ஓர் அறை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் இல்லாதவர்கள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அங்கே வருவோம். பாட்டுப் பாடுவதில்லை. கட்டைவிரலால் தடித்த கம்பிகளில் தாளத்தையும் மற்ற விரல்களால் சன்னக் கம்பிகளில் மெட்டையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். ஒருவரே இருவராக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வழக்கம் உண்டு. அந்த அறைச் சுவரில் பொதுவான பழைய கிட்டார் ஒன்று தொங்குகிறது. மே தினத்தன்று யார் வேண்டுமானாலும் அதை எடுத்து ஒரு மெட்டை முழுதாக, எங்கேயும் நிற்காமல் வாசிக்கலாம். வாசித்து முடித்தவர் கிட்டாரின் முதுகில் மார்க்கரால் தன் பெயரை எழுதலாம். தடுக்கினால் அடுத்த மே தினம்தான். ஏழு வருடங்களில் ஒன்பது பெயர்கள் ஏறியிருக்கின்றன. மார்க்கர் என்னிடம்தான் இருக்கும்.

நான் சௌந்தரராஜன். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகர். மயிரிழை கூடினாலும் சிவப்புச் சீட்டு ஒட்டிவிடுவேன். வீட்டுக்கு வரும் தக்காளிக்கும் இவர் சீட்டு ஒட்டுவார் என்று என் மனைவி மேகலா சொல்வாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடமாகக் குழுவில் பாடம் எடுத்து வீடியோ போடுகிறேன். இதுவரை ஐம்பத்து மூன்று. ஒவ்வொன்றுக்கும் ‘கோபி தளி’ என்ற பெயரிலிருந்து முதல் கும்பிடு வந்துவிடும். அந்தப் பையன் ஆரம்பத்தில் இரண்டு தடவை வந்தான். பிறகு ஆளைக் காணோம், கும்பிடு மட்டும் தவறவில்லை.

இந்த மே தினத்தன்று மதியம், பசுமைக்குடிலுக்குப் போடும் பச்சை வலைத் துணியில் கிட்டாரைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண்மணி படியேறி வந்தார். ஐம்பது வயது இருக்கும். விரல்களெல்லாம் முள் கீறல்.

“கோபி தளி நான்தானுங்க,” என்றார். “பேரு ஜோதியம்மா. கோபி எம் பையன். பெங்களூருக்கு வேலைக்குப் போறப்போ கிட்டாரையும் பழைய போனையும் உட்டுட்டுப் போயிட்டான். குரூப்பு அந்தப் போன்லதான் இருந்துச்சு. தோட்டத்துல ரோஜா வெட்டி முடிச்சதும் தெனமும் ஒங்க வீடியோதானுங்க சார். ஞாயித்துக்கெழமையும் பூ பூக்குதே, லீவு எங்க குடுக்கறாங்க? இன்னைக்குக் கெஞ்சிக் கேட்டு வந்தேன்.”

சுவரில் தொங்கிய கிட்டாரைக் காட்டி, “அதுல எம் பேரும் வரணுமுங்க. அதுக்குத்தான் வந்தேன்,” என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கிட்டாரை எடுத்து நானே கொடுத்தேன். அவர் வாங்கி மடியில் வைத்ததும் என் பெருமை இறங்கிவிட்டது. கிட்டாரின் கழுத்து அவர் வலது கையில் இருந்தது, மீட்டுவதற்கு இடது கை தயாராக நின்றது. கிட்டாரே தலைகீழ். மேலே இருக்க வேண்டிய தடித்த கம்பி கீழே கிடந்தது.

“இடது கைப் பழக்கமா?”

“இல்லீங்களே. சோத்துக் கைதான் எல்லாத்துக்கும்.”

“அப்புறம் ஏன் இப்படிப் பிடிக்கறீங்க? அடிப்படையே தப்பும்மா. இது வாசிப்பே இல்ல. மொதல்லருந்து கத்துக்கிட்டு வாங்க.”

“எத்தன நாளு ஆவும்?”

“மூணு வருஷமாவது ஆகும்.”

அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார். “எனக்கு நாப்பத்தொம்பது ஆவுதுங்க. இந்த மூணு வருஷத்தையே திருடித் திருடித்தான் சேத்தேன். இன்னொரு மூணு வருஷத்துக்கு எங்க போவேன்?” என்றார். எழுந்து கிட்டாரைச் சுவரில் பத்திரமாக மாட்டினார். தன் கிட்டாரைப் பச்சைத் துணியில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

தௌசிப்தான் கேட்டான், “அண்ணா, அந்தக்கா எதப் பாத்துக் கத்துக்கிட்டாங்க?”

“என் வீடியோவத்தான்.”

அவன் போனில் ஒரு வீடியோவைத் திறந்தான். பெரிதாக்கினான். உதட்டைக் கடித்துக்கொண்டு என்னிடம் நீட்டினான். வீடியோவில் எப்போதும் நான் போடும் கம்பெனி ஆண்டுவிழா பனியன். கிட்டாருக்கு மேலே நெஞ்சில் ‘தரமே நம் உயிர்’ என்று எழுதியிருக்கும். அந்த எழுத்துகள் அத்தனையும் இடம் வலமாகத் திரும்பியிருந்தன.

“ஒங்க முன் கேமரா கண்ணாடி மாதிரி திருப்பிப் பதியுதுண்ணா. மூணு வருஷமா வீடியோல நீங்கதான் இடது கைக்காரரு,” என்றான். பிறகு சமாதானமாக, “யானைக்கும் அடி சறுக்கும்,” என்றான்.

அவனவன் முதுகு அவனவனுக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் நெஞ்சே தெரியவில்லை. ஐம்பத்து மூன்று தடவை பார்த்து, சரி என்று அனுப்பியிருக்கிறேன். இதையெல்லாம்விட வெட்கம், அந்த அம்மாவை ஒரு சுரம்கூட வாசிக்கவிடாமல் விரட்டியதுதான்.

வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்தேன். அவர் ஊரான தளிக்குப் போகும் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, இறங்குங்க. தப்பு என் மேலதான். வீடியோ திரும்பிப் பதிஞ்சிருக்கு. அது இத்தனை நாளா எனக்கே தெரியல,” என்றேன். பஸ்ஸே எங்களைப் பார்த்தது. பார்க்கட்டும் என்றிருந்தது.

அவர் தன் இரண்டு கைகளையும் எதிரெதிராக நீட்டிக் காட்டினார். “தோட்டத்துல பாத்திக்கு ரெண்டு பக்கமும் எதிரெதிரா நின்னுதான் பூ வெட்டுவோம். எதிர்ல நிக்கறவங்க வலது கை நமக்கு எடப்பக்கம் வரும். ஒங்களையும் அப்படித்தான் கணக்குப் போட்டேன்.”

“கணக்கு சரிதான்க்கா. மத்தவங்க கண்ணாடி பாக்கற மாதிரி பாத்தாங்க, அதனால தப்பிச்சாங்க. நீங்க ஒருத்தர்தான் யோசிச்சிருக்கீங்க.”

“சட்டையில இருந்த எழுத்து?”

“அதுவும் திரும்பினதுதான்.”

“அய்யோ, நான் ஒரியாவோ என்னவோனு நெனச்சேன். நம்ம ஊரு கம்பெனியில யாரு என்ன பாஷைனு யாரு கண்டா?” என்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கண்டக்டரைக் கூப்பிட்டு, “அடுத்த பஸ்ஸு எத்தன மணிக்குங்க?” என்று கேட்டார்.

அறைக்குத் திரும்பியதும் பொதுக் கிட்டாரை அதே தலைகீழ்ப் பிடியில் வாங்கி, என் மெட்டையே எடுத்தார். ‘எட்டு மணிச் சங்கு’ என்று பெயர். இரவு ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது முகத்தில் படும் வெயிலை நினைத்து நான் போட்டது.

கம்பிகள் தலைகீழாக இருப்பதால் அவர் கைக்கு வேலையும் தலைகீழாகிவிட்டது. சன்னக் கம்பிகள் மேலே, கட்டைவிரலுக்கு வந்துவிட்டன. கத்தரிக்கோல் பிடித்துக் காய்த்த அந்தக் கட்டைவிரல் மெட்டை வாசித்தது. என் விரலில் மெட்டு கிணுகிணுப்பாக வரும். அவரிடம் ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கனமாக வந்தது. கீழே மூன்று விரல்களுக்குத் தடித்த கம்பிகள். என் ஒற்றைக் கட்டைவிரலில் ‘தொம் தொம்’ என்று நிற்கும் தாளம், அவர் மூன்று விரல்களில் இறங்கி நடந்தது. நடுவில் ஒரு இடம் வரும். அங்கே போன வருடம் இரண்டு பேர் தடுக்கினார்கள், நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டுவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தாண்டினார்.

நான் அழுதேன் என்று தௌசிப் சொல்கிறான். இருக்கலாம். என் மெட்டு இத்தனை நல்ல மெட்டு என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

“எந்தக் கம்பி தடி, எது சன்னம்னு ஒங்க வீடியோல தெரியல சார். சத்தத்த வெச்சுத் தேடித் தேடிக் கண்டுபுடிச்சேன்,” என்றார். மார்க்கரை நீட்டினேன். சோற்றுக் கையால் வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக ‘ஜோதியம்மாள், தளி’ என்று எழுதினார். எழுதிய பிறகும் கொஞ்ச நேரம் கிட்டாரைத் திருப்பியே வைத்துக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டுக்குப் போய் என் கிட்டாரை அவர் பிடித்த மாதிரியே பிடித்து ஒரு மணி நேரம் முயன்றேன். முதல் வரிகூட வரவில்லை. “பச்சைக்குழந்தைக்குக் கரண்டி குடுத்த மாதிரி இருக்கு,” என்றாள் மேகலா. இந்தப் பிடியில் ஒரு மெட்டை முழுதாகக் கொண்டுவந்தவரைத்தான் நான் வாசிக்கவே விடாமல் அனுப்பப் பார்த்தேன்.

மறுநாள் குழுவில் நடந்ததைச் சொல்லி, கேமராவைச் சரிசெய்துவிட்டேன், இனி வீடியோ நேராக வரும் என்று போட்டேன். ‘கோபி தளி’யிடமிருந்து தனியாக ஒரு குரல் செய்தி வந்தது. “நேரா போட்டா எனக்கு எப்படி சார் புரியும்?”

இப்போது ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு வீடியோ எடுக்கிறேன். நேரானது குழுவுக்குப் போகும். பிறகு அதே பனியனோடு உட்கார்ந்து, கேமராவை மறுபடி கண்ணாடி மாதிரி பதியும்படி மாற்றிவைத்து இன்னொன்று எடுத்துத் தளிக்கு அனுப்புகிறேன். தெரிந்தே ஒரு கோணல் சரக்கை நான் வெளியே விடுவது, இருபது வருட வேலையில் இதுதான் முதல் தடவை. ஒவ்வொரு தடவையும் அனுப்புவதற்கு முன் ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன், பனியன் எழுத்து ஒழுங்காகத் திரும்பியிருக்கிறதா என்று.