தளம் போட்ட நாள்

உப்பல் என்கிற வெளியூரில் நாங்கள் வேலை செய்த கட்டடத்தில் ஒரே ஒரு கக்கூஸ். அதுவும் என்ஜினீயர்களுக்கு. சாவி பழனிசாமி மேஸ்திரியின் சட்டைப்பையில். ஊத்தங்கரையிலிருந்து வந்த சித்தாள்கள் நாங்கள் விடியுமுன் முள்ளுக்காட்டுக்குப் போய்வந்துவிட வேண்டும். அப்புறம் பொழுது சாயும்வரை உடம்பு எங்களிடம் அனுமதி கேட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும்!

அன்று தளம் போடும் நாள். கற்பூரம் காட்டிவிட்டு மேஸ்திரி வழக்கம்போல் பெண்களிடம் மாதவிலக்கைப் பற்றிக் கேட்டார். "யாராச்சும் தூரமா இருக்கீங்களா? இருந்தா இறங்கிடுங்க. தளம் வெடிச்சிடும்." இறங்கினால் கொட்டகை முழுக்கப் பேச்சு, அடுத்த தளத்துக்குக் கூப்பிடவும் மாட்டார். எல்லோரும் இல்லை என்றோம்.

வெயில் ஏறியதும் காஞ்சனா என் காதில் சொன்னாள். "செல்லம்மாக்கா, வந்திடுச்சு. துணி இல்ல." கலவைச் சட்டி கைமாறிக்கொண்டே இருந்தது. ஆரம்பித்த தளத்தை முடிக்காமல் யாரும் நகர முடியாது. பின்னால் ஆண்கள். புடவைமேல் போட்டிருந்த சட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள்.

திடீரென்று கால் தடுக்கியதுபோல் ஈரக் கலவையில் பொத்தென்று உட்கார்ந்தாள். ஆண்கள் சிரித்தார்கள். கறையை மறைக்கிறாள் பைத்தியக்காரி என்று எனக்குத்தான் தெரியும். சிமெண்ட் தண்ணீர் கைவிரலையே அரித்துவிடுமே. கொஞ்ச நேரத்தில் அழ ஆரம்பித்தாள். "எரியுதுக்கா."

"மேஸ்திரி, சாவி குடுங்க. இவ கழுவணும்."

"தொட்டியில கழுவச் சொல்லு."

தொட்டியைச் சுற்றி ஆண்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அவ தூரம். அத்தன பேர் முன்னால எப்பிடிக் கழுவுவா? சாவியக் குடுய்யா!"

மேஸ்திரியின் முகம் வெளிறிவிட்டது. "முதல்ல ரெண்டு பேரும் தளத்த விட்டு இறங்குங்க."

நான் சட்டியைக் கீழே வைத்தேன். பக்கத்தில் நின்ற மாதம்மாவும் வைத்தாள். அப்புறம் வரிசை முழுக்க வைத்தது. மிஷினில் கலவை சுற்றிக்கொண்டிருந்தது. போட்ட பாதி இறுகிவிட்டால் மீதி ஒட்டாது. அது எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

சாவியை வீசினார். சோற்றுத்தூக்கில் சுற்றியிருந்த துணியை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் காஞ்சனாவை அனுப்பினேன். நாங்கள் சட்டியைத் தூக்கினோம்.

திரும்பி வந்தவள் நேராகத் தளத்தில் ஏறினாள். மேஸ்திரி சாவிக்குக் கை நீட்டினார். அவள் அதை மாதம்மாவிடம் கொடுத்தாள்.

"எனக்குக் காலையிலேருந்தே தூரம்" என்று அவரிடம் சொல்லிவிட்டு மாதம்மா இறங்கிப் போனாள்.