எட்டு, நூற்று முப்பத்தெட்டு, ஏழரை

தைராய்டு கட்டிக்காகத் திருப்பதி ஆஸ்பத்திரியில் கதிரியக்க அயோடின் மாத்திரை விழுங்கிவிட்டு நகரியிலிருந்த தன் வீட்டுக்குத் திரும்பிய தாட்சாயணி, நேராகப் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உடம்பில் மருந்து குறையும்வரை குழந்தையைத் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எத்தனை நாள் என்று குறிக்க வேண்டிய இடம் டிஸ்சார்ஜ் சீட்டில் காலியாக இருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. போன் செய்தால் எடுக்க ஆளில்லை.

கூகுளில் தேடினாள். ஓர் அட்டவணை, அந்த அயோடின் எட்டு நாளில் பாதியாகும் என்றது. இன்னொன்று, தைராய்டில் பாதியாக நூற்று முப்பத்தெட்டு நாள் என்றது. மூன்றாவதில் ஏழரை.

வெளியே இரண்டு வயது மகள் பிரித்திகா கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"இன்னா சொல்லுது போனு?" என்று கணவன் முனிரத்தினம் கதவருகே வந்து கேட்டான்.

"எட்டுன்னும் சொல்லுது, நூத்தி முப்பத்தெட்டுன்னும் சொல்லுதுங்க."

"ரெண்டையும் கூட்டிக்கணுமா?"

"கூட்டினா அஞ்சு மாசம் ஆவுது."

அவன் அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருப்பக்கம் போனான். தாட்சாயணி கூட்டியும் கழித்தும் பார்த்தாள். இரண்டு எண்ணையும்விடக் குறைவாக ஏழரை எங்கிருந்து வந்தது?

திங்கட்கிழமை, ஆஸ்பத்திரியின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி பிரமிளா போனில் கிடைத்தாள். தாட்சாயணி மூன்று எண்களையும் சொன்னாள்.

"கூட்டாதீங்கம்மா. மருந்து தானாவே அழிஞ்சு எட்டு நாள்ல பாதியாவுது. அதே நேரத்துல உடம்பும் கொஞ்சம் கொஞ்சமா வெளிய தள்ளுது, அந்தக் கணக்குதான் நூத்தி முப்பத்தெட்டு. ரெண்டும் ஒண்ணா நடக்கறதால எட்டுக்கு முன்னாடியே பாதியாயிடும்."

"அப்போ ஏழரை நாள்ல போயிடுமா மேடம்?"

"பாதி போவும். அடுத்த ஏழரை நாள்ல மீதியில பாதி."

"முழுசா எப்போ போவும்?"

"முழுசான்னு ஒரு நாளைச் சொல்ல முடியாதும்மா. கொழந்தைக்கு ஆபத்தில்லாத அளவுக்கு எப்போ வரும்னு சொல்லலாம். கெளம்பறப்ப மீட்டர் வெச்சு உங்கள அளந்தது எங்கிட்ட இருக்கு. இன்னும் ரெண்டு வாரம், இருபத்தொண்ணாந் தேதி தூக்குங்க. சீட்டுல எழுதாம விட்டது எங்க தப்பு."

முழுசாகப் போகாத ஒன்று எப்படி ஆபத்தில்லாமல் ஆகும் என்பது அவளுக்குப் பிடிபடவே இல்லை. ஆனாலும் நாட்களை எண்ணினாள்.

இருபத்தொன்றாம் தேதி காலையில் வெளியே வந்தாள். பிரித்திகா ஓடி வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள். தாட்சாயணி இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி நின்றாள்.

"தூக்கு தாட்சா, இன்னும் இன்னாத்த யோசிச்சிக்கினு கீற?" என்றான் முனிரத்தினம்.

தூக்கினாள். குழந்தை கழுத்தில் முகம் புதைக்க வந்தபோது, தன்னையறியாமல் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"மேடத்துக்கு இன்னொரு தபா போன் போட்டுக் கேக்கட்டுங்களா?" என்றாள்.