திரும்பி வந்தவனை யார் படம் எடுப்பான்?

1

இந்தக் காலத்து மனிசருக்கு மழை பெய்கிறதா என்று பார்க்கவும் போன் வேண்டும். கூரைக்கு வெளியே கையை நீட்டினால் தெரியும். நீட்ட மாட்டார்கள். போனைப் பார்த்து, "பெய்யுதாம்" என்பார்கள். நனைந்துகொண்டே அப்படிச் சொன்னவனையும் கண்டிருக்கிறேன்.

இதைத்தான் கதையின் தொடக்கமாக வைத்தேன். மகள் படித்துவிட்டு, "இது கதையில்ல வாப்பா, ஏச்சு" என்றாள். இருக்கட்டும். ஏசாமல் எனக்குத் தொடங்க வராது.

கதை வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். மகள் கொழும்பில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் மூன்று மாதப் பயிற்சிக்குப் போனாள். கொம்பியூட்டருக்குப் புத்தி படிப்பிக்கிற இடம். அதை நான் சாய்ந்தமருதுத் தேத்தண்ணிக் கடைகளில் ஆளுக்கொரு மாதிரிச் சொல்லித் திரிந்தேன். அது அவள் காதுக்கு எட்டிவிட்டது. "பிழையாச் சொல்லித் திரியிறதுக்கு, சரியா எழுதிப் போடுங்களன்" என்றாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சீமெந்துக் கடை வைத்திருந்தவன். பள்ளிவாசல் மலரில் என் கதை ஒன்று வந்திருக்கிறது. அதிலும் பாதியை வெட்டிவிட்டார்கள்.

2

முதலில் இப்படி எழுதினேன்:

"நிலவொளியில் குளித்திருந்த கொழும்பு மாநகரின் உயர்ந்த மாடமொன்றில், கனவு சுமந்த விழிகளோடு அந்த யுவதி—"

வெட்டியாயிற்று. அவள் இருந்தது கீழ்மாடியில், ஏசிக் குளிருக்கு ஜக்கெட் போட்டுக்கொண்டு.

அடுத்தது: "முஸ்பிறா ஒரு துணிச்சல்காரி." இதை நானே நம்பவில்லை. கரப்பானுக்குப் பயந்து கட்டிலில் ஏறி நிற்கிறவளை அப்படி எழுதலாமா? பிடிவாதக்காரி என்றால் எழுதலாம். சாட்சிக்கு வீடு முழுக்க ஆள் இருக்கிறது.

(முஸ்பிறா அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. சொந்தப் பெயரைப் போட்டால் மாப்பிள்ளை வீட்டார் வாசித்துவிடுவார்கள் என்று அவளுடைய உம்மா தடுத்துவிட்டாள். கதை வாசிக்கிற மாப்பிள்ளை வீட்டாரை நான் இன்னும் காணவில்லை.)

3

நாவிதன்வெளிக்குப் போகிற வழியில் கிட்டங்கித் தாம்போதி. ஆற்றுக்குக் குறுக்கே, பாலமில்லாமல் பதிந்த றோட்டு. மாரியில் தண்ணீர் அதற்கு மேலால் ஓடும். கடக்கலாமா, கூடாதா என்று கரையில் நின்று ஆட்கள் தர்க்கப்படுவார்கள். அந்த இடத்தைப் போனில் பிடித்துக் காட்டினால், "போகலாம்", "போகாதே" என்று போனே சொல்ல வேண்டும். இதுதான் முஸ்பிறா எடுத்த வேலை. கூடத்தின் தலைவர் டொக்டர் நளீமுக்கு அது பிடித்துப்போயிற்று. சரியாக வந்தால் அங்கேயே நிரந்தர வேலை என்றும் சொன்னார்.

எனக்குப் பிடிக்கவில்லை. என்னை யாரும் கேட்கவுமில்லை.

இயந்திரத்துக்குப் புத்தி வருவதென்றால் படங்களைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம். பயிற்சி நடந்ததோ யூலையில். அப்போது தாம்போதியில் மாடு படுத்துக் கிடந்தது. தண்ணீருக்கு எங்கே போவது? போன மாரியில் எடுத்த படங்களை அனுப்பச் சொல்லி ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் கேட்டாள். குவிந்துவிட்டது. கடந்த படம் இது, கடக்க முடியாத படம் இது என்று பிரித்துக் காட்டிக் காட்டி இயந்திரத்துக்குப் படிப்பித்தாள். பிறகு அதே குவியலில் ஒளித்து வைத்திருந்த படங்களைக் கொடுத்துச் சோதித்தாள். சரியாகச் சொன்னது. கூடத்தில் கைதட்டினார்கள்.

(கதை இங்கே முடிந்திருந்தால் மலரில் வெட்டாமல் போடுவார்கள்.)

4

முஸ்பிறா தன் காக்கா, என் மூத்த மகன் றிபாத்துக்குப் போன் எடுத்தாள். அவன் என் பக்கத்தில் இருந்து சோறு தின்றுகொண்டிருந்தான். போனைச் சத்தமாக வைத்தான்.

"காக்கா, நீங்க அனுப்பின படம் சோக்கு. நடுத் தண்ணியில பெரிய வீரன் மாதிரி."

"பின்ன? முழங்காலுக்கு மேல தண்ணி. பைக்க உருட்டிக்கிட்டே போன நான்."

"அடுத்த நாளும் போனதானே? அந்தப் படத்தயும் அனுப்புங்க."

"அடுத்த நாள் தண்ணி கூட. திரும்பி வந்துட்டன்."

"அதத்தான் கேக்கன். திரும்பின படம்."

"உனக்கென்ன பைத்தியமா? திரும்பி வந்தவன யாரு படம் எடுப்பான்?"

நான் சிரித்தேன்.

"புள்ள, லைன்ல இரிக்கயா?"

"இரிக்கன். காக்கா... நான் பிழை விட்டுட்டன்."

பிறகுதான் எனக்கும் விளங்கியது. எங்கள் ஆட்களுக்குத் தாம்போதியைக் கடப்பது மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி. நடுவில் நின்று படம் பிடிக்காமல் அக்கரை ஏற மாட்டார்கள். திரும்புகிறவன் தலையைக் குனிந்துகொண்டு வருவான். வீட்டிலும் வேறு காரணம் சொல்வான். ஆகவே குவியலில் இருந்ததெல்லாம் கடந்தவன் படம். "போகாதே" என்பதற்கு இருந்தவை பேப்பர்காரர் எடுத்த கொஞ்சம். றோட்டே தெரியாத கடல். இரண்டுக்கும் நடுவில், ஆளை இழுக்கிற தண்ணீர் இருக்கிறதே, அதற்குப் படமே இல்லை. கடந்தவன் படத்துத் தண்ணீர் போலவே தெரிகிற அந்தத் தண்ணீரைக் கண்டால் இயந்திரம் "போகலாம்" என்று சொல்லும்.

இயந்திரத்துக்குப் பொய் சொல்லிக் கொடுத்தது எங்கள் ஊர்ப் பெருமை.

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு கெட்டவன் தேவைப்பட்டான். டொக்டர் நளீமைப் பிடித்தேன். "முறுக்கிய மீசையைத் தடவியபடி அவர், 'வாயை மூடு, பெண்ணே' என்று—"

"அவருக்கு மீசையே இல்ல வாப்பா. நல்ல மனிசன்."

நல்ல மனிசன் சொன்னது இதுதான்: "அறிக்கையில குறைகள கடைசிப் பக்கத்தில போடுங்க முஸ்பிறா. எல்லாரும் அப்படித்தான் செய்யிற."

அவள் முதல் பக்கத்தில் போட்டாள். அதோடு நின்றாளா? தான் படிக்காத அந்த நடுத் தண்ணீரைக் கண்டால் "எனக்குத் தெரியாது" என்று இயந்திரம் சொல்லும்படி மாற்றியும் விட்டாள். கடைசி நாள், பெரிய ஆட்களுக்கு முன்னால் அதைக் காட்டினாள். ஒருவர் சிரித்தார்: "தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு இயந்திரமா?"

"தெரியாததப் போகலாம் எண்டு சொன்னா, மாரியில ஆள் போகும் சேர்."

வேலையைப் பற்றி யோசித்துச் சொல்வதாக அனுப்பிவைத்தார்கள். இன்னும் யோசிக்கிறார்கள்.

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

வேலை கிடைக்கிறது, வாப்பா ஆனந்தக் கண்ணீர் விடுகிறார். நான் கண்ணீர் விடுகிற ஆள் இல்லை.

வேலை கிடைக்கவில்லை, கலியாணம் நடக்கிறது. இது அவளுடைய உம்மாவின் முடிவு.

மூன்றாவதாக, "மாரி பிறந்தது. முஸ்பிறா சன்னலோரம் நின்று" என்று எழுதிக்கொண்டிருக்க, உண்மையான மாரி பிடித்துவிட்டது. அவள் குடையோடு வந்து நின்றாள்.

"தாம்போதியில தண்ணி ஏறிட்டாம். வாறயளா?"

அக்கரையில் எனக்கு வயல் இருக்கிறது. பார்க்க வேண்டியும் இருந்தது. பேனையை வைத்துவிட்டுப் போனேன்.

7

தண்ணீர் றோட்டுக்கு மேலால் மண் நிறத்தில் ஓடியது. அவள் போனைப் பிடித்தாள். "எனக்குத் தெரியாது" என்றது.

திரும்புகிறவர்களிடமெல்லாம் படம் கேட்டாள். ஒருவன் ஹெல்மெட்டால் முகத்தை மூடிக்கொண்டான். இன்னொருவன், "என்ட முதலாளிக்குக் காட்டவா?" என்று பாய்ந்தான். அவள் அடுத்த ஆளிடம் போனாள்.

மனிசியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான்.

"என்ன தங்கச்சி சொல்லுது அது?"

"தெரியாதாம் காக்கா."

"அத நானே சொல்லுவனே! அதுக்கொரு போனா?"

"போகாதீங்க. திரும்பிறயெண்டா சொல்லுங்க, ஒரு படம் எடுக்கணும்."

அவன் என்னைப் பார்த்தான். "ஹாஜியார், இவ ஆரு?"

"என்ட மகள். சொன்னாக் கேக்க மாட்டா."

பின்னால் இருந்த மனிசி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "திரும்புங்க. வெக்கமெண்டா முகத்த நான் காட்டுறன்." அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் மகளிடம் சொன்னேன்: "இது நடக்கிற காரியமில்ல. இவனுகள் வெக்கத்த விட்டுப் படம் தந்து, இந்தப் பெட்டிக்குப் புத்தி வாறதுக்குள்ள பாலமே கட்டிருவான்."

"பாலம் கட்டுவாங்க எண்டு நம்புறயளா?"

"இல்ல."

"அப்ப?"

வயல் எங்கேயும் போகாது என்று ஊர்ப் பக்கம் நடக்கத் தொடங்கினேன்.

"வாப்பா! அப்படியே போங்க! திரும்பிப் பாக்காதீங்க!"

என்னைத்தான் எடுக்கிறாள்.

அதே நேரம் பின்னால் மோட்டார் சைக்கிள் உறுமியது. தண்ணீருக்குள்ளேயா, திரும்பியா? பார்த்தால் எழுத வேண்டி வரும். நான் பார்க்கவில்லை. இவ்வளவு தூரம் வாசித்த நீங்கள் இன்னும் கரையில்தான் நிற்கிறீர்கள், நீங்கள் பாருங்கள்.

ஒரு கிழவனின் முதுகைப் பார்த்து அந்தப் பெட்டி என்னத்தைப் படிக்கப்போகிறது? எனக்கு நம்பிக்கை இல்லை. குடையையும் அவளிடமே விட்டுவிட்டு நடந்தேன்.