பதினேழாம் வரியில் சிவப்புக் கட்டம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சிவப்புக் கட்டமாகத்தான் வந்தது. நியூ ஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊர். அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செழியன், அவர் மடிக்கணினியில் ஒரு ஷீட், அதில் பதினேழாம் வரி. அந்த வரி அவர் மனைவி வான்மதியுடையது. அமெரிக்கா வந்த ஆண்டு 2009 என்று இருக்கிறது. வந்த டிசம்பரில் கேட்ட கிறிஸ்துமஸ் பாட்டு என்ற கட்டத்தில் அவள் எழுதியிருக்கும் பாட்டோ 2011 நவம்பரில்தான் வெளிவந்தது.

வெளிவராத பாட்டை ஒருத்தி இரண்டு வருடம் முன்னாலேயே எப்படிக் கேட்டிருக்க முடியும்?

செழியனுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தெரியவில்லை. எழுதத் தொடங்கியபோது எனக்கும் தெரியாது.

(பாட்டுக்குப் பெயர் வைக்க மூன்று முறை முயன்றேன். மூன்றுமே யாரோ ஏற்கெனவே பாடியவை போலிருந்தன. 'வாசல் விளக்குப் பாட்டு' என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெண் பாடுகிறாள்: விளக்கை அணைக்கவில்லை, எப்போது வந்தாலும் வா. நடுவில் ஓரிடத்தில் எல்லா வாத்தியமும் இரண்டு நொடி நின்றுவிடும். பிறகு சலங்கை. இப்படி ஒரு பாட்டு உலகத்தில் கிடையாது. தேட வேண்டாம்.)

2

ஷீட் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். செழியன் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் நாற்பத்தொரு தமிழர்கள். சனிக்கிழமை பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும். சாப்பிட்ட பிறகு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாததால் ஒரு விளையாட்டு: நீங்கள் வந்து இறங்கிய டிசம்பரில் பாட்டுகளின் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த கிறிஸ்துமஸ் பாட்டு எது, எங்கே கேட்டீர்கள்? பதில்களைத் தொகுக்கும் வேலை செழியனுக்கு. இந்த மாதிரி வேலைகள் எல்லாம் எப்போதும் செழியனுக்குத்தான்.

அவர் ஒரு சின்னச் சூத்திரம் போட்டார். பாட்டு வெளிவந்த ஆண்டு, ஆள் வந்த ஆண்டுக்குப் பிந்தியதாக இருந்தால் கட்டம் சிவப்பாகும். வந்த பதில்களில் முப்பத்தாறு வரி வெள்ளை. ஒன்று சிவப்பு. அதுவும் சொந்த வீட்டில்.

பாட்டு எப்படி முதலிடத்துக்கு வருகிறது என்பதையும் இங்கேயே விளக்கிவிடலாம். எனக்குப் பிடித்த சமாசாரம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் எத்தனை பேர் வாங்கினார்கள், வானொலியில் எத்தனை தடவை ஓடியது என்று பார்ப்பார்கள். இப்போது வீட்டில் ஒலிக்கும் ஒவ்வொரு தடவையும் கணக்கில் சேருகிறது. நவம்பர் கடைசியில் யாரோ மரத்துக்கு விளக்குப் போடும்போது ஸ்பீக்கரைப் பார்த்து 'கிறிஸ்துமஸ் பாட்டு' என்கிறார்கள். அது பழைய பாட்டையே எடுத்துப் போடுகிறது. எண்ணிக்கை ஏறுகிறது. ஏறியதால் பட்டியலில் மேலே போகிறது. மேலே இருப்பதால் மறுபடி அதையே போடுகிறது. இப்படித்தான் முப்பது வருடப் பாட்டும் டிசம்பரானால் திரும்பி வருகிறது. யாருக்கும் அதைப் பிடிக்க வேண்டிய அவசியமில்லை. யாரும் நிறுத்தாமல் இருந்தால் போதும்.

(கடைசி இரண்டு வாக்கியங்களை நான் பாட்டைப் பற்றித்தான் எழுதினேன்.)

3

மற்றவர்கள் குரல் செய்திகளாக அனுப்பினார்கள். இரண்டை மட்டும் தருகிறேன்.

பிஸ்கட்டவேயில் படித்து அங்கேயே தங்கிவிட்ட வேலுமணி: "ஏனுங்க செழியண்ணா, முதல் டிசம்பர்ல நான் துணிக்கடையில சட்டை மடிச்சிட்டு இருந்தேன். ஒரு ஷிஃப்டுக்கு அதே பாட்டு பதினாலு தடவைங்க. எண்ணியிருக்கேன். அந்தப் பாட்டை யாராவது நல்லாருக்குன்னு சொன்னா, அவன் அங்க வேலை பாக்கலைன்னு அர்த்தம். ஆனா போன வருஷம் அதே பாட்டு எங்கயோ கேட்டுச்சு, கண்ணு கலங்கிருச்சு. ஏன்னு கேக்காதீங்க, எனக்கே கடுப்பா இருக்கு."

செழியன் குடியிருப்பிலேயே மூன்றாம் மாடியில் இருக்கும் மாளவிகா: "அங்கிள், நம்பர் ஒன் எல்லாம் ஓவர்ரேட்டட். நம்பர் நாலுதான் எப்பவும் நல்ல பாட்டு. எழுதிக்கோங்க."

செழியன் எழுதிக்கொண்டார். யார் என்ன சொன்னாலும் எழுதிக்கொள்வார்.

4

செழியனைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் வரைவில் அவரை ஒரு கோமாளியாக எழுதியிருந்தேன். மனைவியின் வாழ்க்கையே தலைகீழாக நிற்கும்போது பாட்டு எந்த ஆண்டு வந்தது என்று தேடிக்கொண்டிருக்கும் ஆள். வாசித்துப் பார்த்தபோது அவர் செய்யும் எல்லாவற்றையும் நானும் செய்வேன் என்று தெரிந்தது. அழித்துவிட்டேன்.

தலைகீழாக நிற்பது இதுதான். வான்மதிக்கு டெக்ஸாஸில் சுகர் லேண்டில் வேலை கிடைத்திருக்கிறது. ஒரு மருத்துவமனை ஆய்வகத்துக்குத் தலைமைப் பொறுப்பு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வியாழன் காலை விமானத்தில் போய் ஒருமுறை இடத்தைப் பார்த்துவிட்டு வரப் போகிறாள். செழியனுக்கு வேலை இங்கே. பன்னிரண்டு வயது மகள் கயலுக்குப் பள்ளி இங்கே. மூவரும் போகலாம். அவள் மட்டும் போகலாம். யாரும் போகாமலும் இருக்கலாம். செழியனை உண்மையில் வாட்டுவது நடுவில் உள்ளது.

அவர் அதைப் பற்றிப் பேசவில்லை என்று சொல்ல முடியாது. அதே ஷீட்டில் 'டெக்ஸாஸ்' என்று இரண்டாவது பக்கம் திறந்திருந்தார். மாநில வருமான வரி இல்லை. வீட்டு வரி அதிகம். ஃப்ரீவேயில் போக வர நாற்பது நிமிடம். வெயில். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். அதை அவளிடம் காட்டி ஒரு மணி நேரம் விளக்கினார். அவள் முழுதும் கேட்டாள். "நல்லா பண்ணியிருக்கீங்க" என்றாள். பிறகு துணி மடிக்கப் போய்விட்டாள்.

5

[இந்த இடத்தில் செழியன் ஜன்னல் வழியே பனியைப் பார்க்கும் ஒரு பத்தி இருந்தது. பனி மெல்ல விழுந்து கொண்டிருந்தது, அவர் மனதிலும்— என்று அது போனது. அன்று பனியே விழவில்லை.]

6

சிவப்புக் கட்டத்துக்குச் செழியன் கண்டுபிடித்த காரணங்கள்:

அவள் வேறு பாட்டை இதுவென்று நினைக்கிறாள். (இல்லை. இரண்டு நொடி நிற்கும் இடத்தைச் சரியாகச் சொன்னாள்.) பட்டியலில் ஆண்டு தவறு. (இல்லை. நான்கு இடத்தில் சரிபார்த்தார்.) பாட்டு வெளிவரும் முன்பே யாரோ வானொலிக்கு— (இல்லை. இதை யோசித்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது.)

புதன்கிழமை மாலை கயல் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும்.

"ஹூ டைப்ட் 2009?"

"நான்தான். அம்மாவோட ஃபார்ம் எல்லாம் நான்தானே ஃபில் பண்ணுவேன்."

இதில் பொய் இல்லை. விசா விண்ணப்பம், கிரீன் கார்டு, வரி, கயலின் பள்ளிப் படிவத்தில் தாயார் பெயர் என்ற இடம்கூட, எல்லாம் செழியன் கையால்தான். அந்தக் குடியிருப்பில் பாதி வீடுகளில் அப்படித்தான். வேலை விசாவில் முதலில் வந்த கணவன் நிரப்புவான், மனைவி கையெழுத்துப் போடுவாள். பதினாறு வருடத்தில் அந்தப் பழக்கம் மாறவே இல்லை. இந்த முறையும் பதினேழாம் வரியை அவரே நிரப்பிவிட்டார். வான்மதி பாட்டுக் கட்டத்தை மட்டும் அழித்துத் திருத்தியிருந்தாள்.

கயல் இரண்டாவது பக்கத்தைத் திறந்தாள். கடைசி வரியில் விரலை வைத்தாள். 'வான்மதியின் விருப்பம்: 6.'

"அண்ட் ஹூ டைப்ட் திஸ் சிக்ஸ்?"

செழியன் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்பா. ஜஸ்ட் ஆஸ்க் ஹெர்."

7

வான்மதி பீன்ஸ் நறுக்கிக் கொண்டிருந்தாள். பாட்லக்குக்கு அல்ல, நாளை அவள் இல்லாதபோது இவர்கள் சாப்பிட.

"மதி, நீ வந்தது 2009 டிசம்பர்தானே?"

"ஏங்க, டிக்கெட் போட்டதே நீங்கதானே."

"அப்ப இந்தப் பாட்டு?"

"கார்ல கேட்டேன். ஏர்போர்ட்ல இருந்து வரும்போது. நடுவுல பாட்டு நின்னுபோச்சு. ரேடியோ ரிப்பேருன்னு நெனச்சேன். அப்புறம் சலங்கை வந்துச்சு."

"அந்தப் பாட்டு அப்ப ரிலீஸே ஆகல. பாரு, நவம்பர் 2011—"

"அப்போ ரெண்டாவது தடவை வந்தப்ப."

"அது உங்கம்மா கண் ஆபரேஷனுக்குப் போயிட்டு வந்தது. அது வந்ததுல சேராது."

வான்மதி கத்தியைக் கீழே வைத்தாள். கோபமாக வைத்தாள் என்று எழுதி அடித்தேன். சும்மாதான் வைத்தாள். களைத்திருந்தாள்.

"கண் ஆபரேஷனுக்கு எட்டு மாசமாங்க?"

அந்த எட்டு மாதத்தைப் பற்றி அந்த வீட்டில் பதினான்கு வருடமாக யாரும் பேசியதில்லை. சொந்த ஊரான ஈரோட்டிலிருந்து வந்தவர்கள் கேட்டால் கண் ஆபரேஷன். இங்கே கேட்டாலும் கண் ஆபரேஷன்.

"முதல் தடவை ரேடியோ ஓடுச்சான்னே எனக்குத் தெரியாது" என்றாள். "நீங்க ஹைவேல ஒவ்வொரு எக்ஸிட் நம்பரா சொல்லிட்டு வந்தீங்க. பதிமூணு ஏ-ல ஏ எதுக்கு, லாரிக்கு ஏன் தனி லேன், அது எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது..."

"உனக்கு இன்ட்ரஸ்டிங்கா இருக்கும்னு—"

"இருந்துச்சு. நல்லாத்தான் சொன்னீங்க. முப்பது மணி நேரம் பயணம் பண்ணி வந்தவகிட்ட பசிக்குதான்னு மட்டும் கேக்கல."

செழியன் சிதறிய பீன்ஸ் துண்டு ஒன்றை எடுத்தார். பலகையில் வைத்தார்.

"ரெண்டாவது தடவை நீங்க ஒரு வார்த்தை பேசல. பயந்துட்டு இருந்தீங்க, மூஞ்சியைப் பாத்தாலே தெரிஞ்சுது. அதனால பாட்டு கேட்டுச்சு." பீன்ஸை மறுபடி எடுத்தாள். "முதல் தடவை கூட்டிட்டு வந்தீங்க, வந்தேன். ரெண்டாவது தடவைதான் நானா வந்தேன். எனக்கு அதுதான் முதல் டிசம்பர்."

8

இப்போது முடிவு வேண்டும். எழுதி வைத்தவை இவை.

அ. செழியன் "நாம மூணு பேரும் டெக்ஸாஸ் போலாம்" என்கிறார். வான்மதி அழுகிறாள். (இதுவும் அவளுக்காக அவரே நிரப்பும் ஒரு கட்டம்தான். அடித்துவிட்டேன்.)

ஆ. வான்மதி வேலை வேண்டாம் என்று எழுதிவிடுகிறாள், குடும்பத்துக்காக. (எழுதும்போதே கை வலித்தது. அடித்துவிட்டேன்.)

இ. சனிக்கிழமை பாட்லக்கில் எல்லோர் முன்னாலும் செழியன் எழுந்து— (கிண்டலடிக்க வேலுமணி இருக்கும் இடத்தில் யாரும் அப்படி எழுந்து நிற்க முடியாது. பாதியில் விட்டுவிட்டேன்.)

நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

9

புதன்கிழமை படுக்கப் போகும் முன் செழியன் பதினேழாம் வரியில் 2009-ஐ அழித்து 2011 என்று போட்டார். கட்டம் வெள்ளையானது. இரண்டாவது பக்கத்தில் ஆறை அழித்தார். அங்கே எதுவும் போடவில்லை.

வியாழன் காலை நியூவார்க் விமான நிலையத்துக்கு அவரே காரோட்டினார். எட்டு ஏ எக்ஸிட்டில் டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஏறினார்கள். ஏறியதும் ஒன்றைக் கேட்டார்.

"மதி, நீ என்ன பண்ணணும்னு நினைக்கிற?"

வான்மதி வெளியே பார்த்தாள்.

ஒன்பதாம் எக்ஸிட் வந்தது. அவள் இன்னும் பேசவில்லை. பத்து. செழியனுக்குச் சொல்ல மூன்று விஷயம் இருந்தது: வீட்டு வரிக்கு ஒரு சலுகை உண்டு, வருடத்தில் பாதி நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய மேலாளரிடம் கேட்டுப் பார்க்கலாம், கயலுக்கு அங்கேயும் நல்ல பள்ளி இருக்கிறது. மூன்றும் உபயோகமானவை. மூன்றையும் தொண்டையிலேயே வைத்திருந்தார். பதினொன்று. லாரிகள் எல்லாம் பக்கத்துத் தனி லேனில் போய்க்கொண்டிருந்தன. அதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

பன்னிரண்டு தாண்டியதும் வானொலியில் அந்தப் பாட்டு வந்தது. தற்செயல் அல்ல. டிசம்பரில் அது ஏன் வரும் என்று ஏற்கெனவே விளக்கியிருக்கிறேன். விளக்கை அணைக்கவில்லை என்று அந்தப் பெண் பாடினாள். வாத்தியம் எல்லாம் நின்றது. இரண்டு நொடி. காருக்குள் ஒரு சத்தமும் இல்லை.

சலங்கை வந்தது.

"ஏங்க" என்றாள் வான்மதி.

அவள் அடுத்துச் சொன்னதை நான் எழுதப் போவதில்லை. பதிமூன்று ஏ வரைக்கும் சொன்னாள். விமான நிலையத்தில் வண்டி நின்ற பிறகும் சொன்னாள். பின்னால் நின்ற கார்க்காரர் ஹாரன் அடித்தார். அவள் என்ன முடிவெடுத்தாள், யார் போனார்கள், யார் இருந்தார்கள் என்று உங்களுக்கு ஓர் ஊகம் இருக்கும். இருக்கட்டும். அவளுடைய கட்டத்தை நிரப்ப எனக்கும் உரிமை இல்லை.

ஆனால் தொடக்கத்தில் ஒரு சிக்கலைக் கொண்டுவந்து வைத்தேன், அதற்கு விடை தர வேண்டும். செழியன் சோதித்துப் பார்த்த முறை இது: கேட்க வேண்டியதை ஒரே ஒருமுறை கேட்க வேண்டும். பிறகு பதில் வரும்வரை, எத்தனை எக்ஸிட் தாண்டினாலும், பேசாமல் வண்டி ஓட்ட வேண்டும். நான்கு எக்ஸிட் ஆகும். வேலை செய்கிறது.