சிறுத்தை உத்தரவு கேட்ட வெள்ளிக்கிழமை

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யிருந்தால் இந்தக் கை இனிமேல் சோற்றைத் தொடக் கூடாது. நான் பொய் சொல்லி நெல்லிவாசல்நாட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்டவர்கள் எல்லாம் செத்துப்போய்விட்டார்கள்.

எங்கள் அம்மனுக்கு, எனக்கு மருமகள் முறையாகும் பச்சையம்மா நேர்ந்துவிட்ட கிடா ஒன்று ஊரில் திரிந்தது. நேர்ந்துவிட்டதைக் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. யாருடைய சாமைக் காட்டில் அது புகுந்தாலும் கும்பிட்டுத்தான் விரட்ட வேண்டும். மலையில் சிறுத்தை நடமாட்டம் இருக்கிறது, பொழுது சாய்வதற்குள் எல்லா ஆட்டையும் பட்டியில் அடையுங்கள் என்று வனக்காப்பாளர் ரேணுகாதேவி சொல்லிவிட்டுப் போயிருந்தார். அடைத்தோம். கிடாவை மட்டும் விட்டுவிட்டோம். அம்மன் ஆட்டை அடைக்க நமக்கு ஏது அதிகாரம்?

ஒரு வெள்ளிக்கிழமை கிடாவைக் காணோம். ஓடையோரம் ரெண்டு பிடி மயிரும் கொஞ்சம் ரத்தமும்தான் கிடந்தன.

திங்கட்கிழமை காலை ஊர்க்கவுண்டர் லட்சுமணன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார். ரேணுகாதேவியும் வந்திருந்தார்.

"சிறுத்தைன்னு முடிவாச்சுன்னா மேற்குச் சரிவுல மேய்ச்சலை நிறுத்தணும். அது வேற பக்கம் போறவரைக்கும் ஒரு ஆடு ஏறக் கூடாது," என்றார்.

அந்த நிமிஷமே ஊருக்குச் சிறுத்தைமேல் இருந்த சந்தேகம் தீர்ந்துபோனது. எல்லோரும் பூபாலனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பூபாலன் வீடு ஓடைக்குப் பக்கத்தில். முந்தின வாரம்தான் கிடா அவனுடைய அவரைப் பந்தலை மொட்டையடித்திருந்தது. போதாததற்குப் பக்கத்து வீட்டு முனியம்மா எழுந்து நின்றாள்.

"வெள்ளிக்கெழம அவன் வூட்ல மிளகு வறுத்த வாசன வந்திச்சி."

"சளிக்கு ரசம் வெச்சேன்க்கா."

"ரசத்துக்கு இன்னாத்துக்குடா அம்மாம் மிளகு?"

"அம்மாஞ் சளிக்கா."

அம்மன் ஆட்டைத் தின்றவனுக்குத் தண்டனை எங்கள் ஊரில் ஒன்றுதான். அவன் ஆடுகள் ஊர் மந்தையோடு மேயக் கூடாது. பூபாலனுக்கு இருந்தவை பதினாலு ஆடு. தனியாக மேய்த்தால் நிலத்தை யார் பார்ப்பது? ஆட்டை விற்றுவிட்டுக் கண்ணமங்கலத்தில் கூலிக்கு நிற்க வேண்டியதுதான். அவன் முகம் வெளுத்திருந்தது, பார்த்தேன். வயிறு கொஞ்சம் முன்னால் தள்ளியிருந்தது, அதையும் பார்த்தேன்.

"சிறுத்தைதான். நான் பார்த்தேன்," என்று எழுந்தேன்.

"இன்னா மாமா பாத்த?" என்றாள் பச்சையம்மா.

"காலையில பத்து மணி இருக்கும். கிடா ஓடையில தண்ணி குடிக்கிது. சிறுத்தை பாறைமேல குந்திக்கினு இருக்குது. நாம இன்னா பண்ணுவோம்? தலையில தண்ணி தெளிச்சி, ஆடு ஒடம்ப சிலுப்பினாதான அம்மன் உத்தரவு குடுத்தான்னு வெட்டுவோம்? அதுவும் அதையேதான் பண்ணிச்சி. வால ஓடையில நனைச்சி, கிடா தலையில மூணு தபா தெளிச்சிது. கிடா சிலுப்பல. சிறுத்தை அரை மணி நேரம் காத்திருந்திச்சி. பசி தாங்காம கொட்டாவி கூட வுட்டுது, ஆனா தொடல. மறுபடி தெளிச்சிது. காதுலேந்து வாலுவரைக்கும் கிடா சிலுப்பிச்சி பாரு, எனக்கே மயிர் கூச்செறிஞ்சி போச்சி. அப்பறந்தான் வாய வெச்சிது. அதுவும் கெழக்க பாத்து."

"கெழக்கா?" என்றார் லட்சுமணன்.

"கெழக்குதான். நம்ப பூசாரியே சில நாளு தெக்க பாத்து நிக்கிறாரு. அது தப்பே பண்ணல."

யாரும் சிரிக்கவில்லை. பச்சையம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "அப்ப என் வேண்டுதல் முடிஞ்சிச்சா மாமா?"

"முடிஞ்சிச்சிம்மா. ஊருக்கே சோறாக்குற வேலையும் உனுக்கு மிச்சம்."

ரேணுகாதேவி பேனா மூடியைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். "ஐயா, சிறுத்தைன்னா நான் சரிவை மூடணுமே."

ஊர் முழுக்க என் பக்கம் திரும்பியது.

"செத்த ஆடு யாருதும்மா?" என்றேன்.

"யாருது?"

"அம்மனுது. அம்மன் உங்க ஆபீசுக்கு வந்து புகார் குடுத்தாளா?"

அவர் கோயிலைப் பார்த்தார், பூபாலனைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். நோட்டை மூடினார். "புகார் இல்ல. ஆனா அடுத்த கிடாவையும் பட்டியில அடைக்கணும். ஒத்துக்கறீங்களா?"

கதவைச் சாத்தாமல் அடைக்கலாம் என்று ஊர் ஒத்துக்கொண்டது. சாத்திவிட்டு, சாத்தவில்லை என்று அம்மனிடம் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார் அவர். அதற்கும் ஒத்துக்கொண்டது. பூபாலனின் பதினாலும் ஊர் மந்தையோடு மேற்குச் சரிவில் ஏறின.

அவன் என்னோடு கூடவே நடந்து வந்தான். "பெரீப்பா, சிறுத்தை எம்மாம் பெருசு இருந்திச்சி?"

"நீ எம்மாம் பெருசுன்னு சொல்றியோ, அம்மாம் பெருசு."

அதற்குமேல் அவன் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நானும் அவனை ஒன்றும் கேட்கவில்லை.

கிடா காணாமல்போன அந்த வாரம், புதன்கிழமை முதல் ஞாயிற்றுக்கிழமை வரை நான் போளூர் ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் முடிந்து கட்டோடு படுத்திருந்தேன்.