வலப்பக்கப் பை

அந்த ஓவியன் உளவாளிதான் என்று தையல்காரி முதல் நாளே முடிவு கட்டிவிட்டாள். படம் வரைகிறவன் வரைந்துவிட்டுப் போகவேண்டியதுதானே? போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "எந்த வழியா வந்தீங்க? கூட யாரெல்லாம் வந்தாங்க?" என்று அவனுக்கு என்ன குடைச்சல்?

அவளுடைய தையல் கடைக்கு நேர் எதிரே, சலவைக்கடையின் நீளச் சுவரில் அவன் சாரம் கட்டி ஏறியிருந்தான். இடக்கோடியில் எரியும் வீடுகள், நடுவில் கடலும் படகும், வலக்கோடியில் இந்தத் தெரு. கடல் தாண்டி வந்து இங்கே குடியேறியவர்களின் கதையாம். தெருவே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. அவள் மட்டும் மெஷினைத் திருப்பிப் போட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டித் தைத்தாள். கடையைப் பூட்டிக் கிளம்பும்போது சால்வையை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொள்வாள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. ஊரில் அவள் தம்பியைப் பிடிக்கத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவளை முதலில் அனுப்பிவிட்டு, "அடுத்த படகுல வந்துடறேன்" என்றவன் வரவே இல்லை. எங்கோ ஒளிந்திருக்கிறான் என்று நம்பினாள். அவன் தலை தப்பவேண்டுமே என்று, தனக்குக் கூடப்பிறந்தவர் யாருமே இல்லை என்று எல்லோரிடமும் சாதித்திருந்தாள். இங்கே வந்து கட்டிக்கொண்ட புருஷனுக்கும் அதே கதைதான்.

ஒருநாள் நாத்தனார் கடைக்குள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அண்ணி, படகுல புதுசா ஒரு பையனை வரைஞ்சிருக்கார். தூக்கக் கலக்கம் போல, சட்டைப் பையை வலது பக்கம் வெச்சிட்டார்!"

தைத்துக்கொண்டிருந்த காலர் கோணிக்கொண்டு போனது. வாசலுக்கு ஓடிப் பார்த்தாள். தம்பிக்கு அவள் தைத்துக் கொடுத்த அதே நீலக் கோடு போட்ட சட்டை. நீல நூல் தீர்ந்துபோய்ப் பச்சை நூலில் அவள் தைத்து முடித்த பை. சட்டைக்கு மேலே முகம் இல்லை, வெறும் சுவர்.

"அந்த ஓவியன்கிட்ட நீ என்ன சொன்ன?"

"எதைப் பத்தி அண்ணி?"

நாத்தனார் பாவம், அண்ணிக்கு ஒரு தம்பி இருப்பதே அவளுக்குத் தெரியாது. அப்படியானால் தம்பி அகப்பட்டுவிட்டான்; அவன் சட்டையைக் காட்டித் தனக்குத் தூண்டில் போடுகிறார்கள். சால்வையை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, துணி வெட்டும் கத்திரியோடே தெருவைக் கடந்தாள்.

"இந்தச் சட்டை யாரோடது?"

ஓவியன் சாரத்திலிருந்து இறங்கினான். "படகுல என் பக்கத்துல உக்காந்து வந்த பையனோடதும்மா."

"மூஞ்சி எங்க?"

"அதான் ஞாபகம் வர மாட்டேங்குது. சட்டை நினைவிருக்கு, சிரிச்சது நினைவிருக்கு. அவனோட ஆளுங்க யாராவது இருக்காங்களான்னுதான் எல்லாரையும் கேட்டுப் பாக்கறேன்."

நன்றாகத்தான் ஜோடித்துக்கொண்டு வந்திருக்கிறான் என்று நினைத்தபடி அவள் திரும்பி நடந்தாள்.

"பை ஏன் இந்தப் பக்கம்னு கேட்டேன்," என்றான் அவன் பின்னாலிருந்து. "அக்கா தைச்சது, அவளுக்கு இடது வலது தெரியாதுன்னு சொல்லிச் சிரிச்சான்."

"பொய்! அவன் இடக்கையன்! எடுக்க வசதியா இருக்கட்டுமேன்னு நான்தான்..."

பொத்திப் பொத்தி வைத்ததெல்லாம் ஒரே நொடியில் வெளியே வந்துவிட்டது. அவள் திரும்பி அவனிடம் வந்தாள்.

"அவன் எங்க?" என்றாள்.

"படகு கவுந்துடுச்சும்மா. நான் கரை ஏறினேன். அவன் ஏறல."

ஓவியன் முகத்தில் பொய்யைத் தேடினாள். இத்தனை நாள் மூட்டை மூட்டையாகக் கிடைத்தது, இப்போது தவித்துத் தேடும்போது துளிகூட அகப்படவில்லை. கத்திரியைக் கீழே வைத்தாள். அழுதாள். "கழுதை, எனக்கா இடது வலது தெரியாது?" என்று அழுகைக்கு நடுவே திட்டினாள்.

பிறகு சலவைக்கடை வாசலில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு, சாரத்தைப் பார்த்து உட்கார்ந்தாள். சால்வையை முகத்திலிருந்து எடுத்தாள்.

"எங்க அம்மாவே எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திக் கூப்பிடுவாங்க," என்றாள். "என்னைப் பாத்து வரைங்க. காது மட்டும் அவனுக்குக் கொஞ்சம் பெருசு."