பட்டுப்புழுப் புத்தகத்தில் ஒரு கன்றுக்குட்டி

1

இவர் பக்கத்தைத் திருப்பி எவ்வளவு நேரமாகிறது? கதையில் ஒரு பெண் ஓடையைத் தாண்டி, கரட்டில் ஏறி, மழையில் நனைந்தும் விட்டாள். பக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. திருப்பு மாமா. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

நஞ்சம்மா இப்படி நினைத்ததாகத்தான் முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். பக்கம் திருப்பப்படவில்லை என்பது பிற்பாடு நினைத்துப் பார்த்தபோது எனக்குத்தான் உறைத்தது. நஞ்சம்மாவுக்கு எழுத்தே தெரியாது. என் சந்தேகத்தை அவள் தலைக்குள் வைத்துவிட்டேனோ என்று தோன்றியது.

[அடித்ததை மறுபடியும் எழுதியிருக்கிறேன். காரணம் நான்காம் பகுதியில் வருகிறது.]

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டில் உட்கார்ந்து நான் சொன்ன ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது. அந்த வீட்டில் ஒருவர் இன்னும் படித்துக்கொண்டிருப்பார்.

2

வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன்.

"ஓசூர் பஸ் ஷெட்டில் மெக்கானிக்காக இருந்த திம்மராயனுக்கும் அவர் மனைவி நஞ்சம்மாவுக்கும் குழந்தைகள் இல்லை. ஆகையால் அவர்கள் ஒருவருக்கொருவர்—"

'ஆகையால்' என்ற சொல் வந்ததும் பேனா நின்றுவிட்டது. அவர்கள் சந்தோஷமாக இருந்ததற்குக் காரணம் தேடுகிற உரிமையை எனக்கு யார் கொடுத்தது?

"1954ஆம் வருஷம், மதுவிலக்கு அமலில் இருந்த சேலம் ஜில்லாவின் வடகோடியில், ஒரு குடும்பப் பெண் மாதம் ஒருமுறை பீர் குடித்துவந்தாள்."

இது பத்திரிகை ஆசிரியரைத் திடுக்கிட வைப்பதற்கென்றே எழுதியது. ஆனால் விஷயம் உண்மைதான். இருவரும் பாகலூர்க்காரர்கள், அவர் அவளுக்கு முறைமாமன். யுத்த காலத்தில் பெங்களூர் கன்டோன்மென்டில் மிலிட்டரி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தபோது அவருக்குப் பீர் பழகியது. ஷெட் வேலையில் இரண்டு பேருக்கு பஸ் இலவசம். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் எல்லையைத் தாண்டிப் பெங்களூருக்குப் போவார்கள். துணித்திரை போட்ட ஓர் ஓட்டலில் ஒரே ஒரு பாட்டில் வாங்கி இரண்டு பேரும் குடிப்பார்கள். திரும்பும்போது வாயில் கிராம்பு இருக்கும்.

நான் பெண்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியை. எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். கிராம்பு வாசனை எதற்கு என்று நானாகக் கேட்டபோது நஞ்சம்மா மறைக்கவில்லை.

"கசப்பாத்தாங்க இருக்கும் டீச்சரம்மா, வேப்பங்கொழுந்தாட்டம். ஆனா ரெண்டு வாய் உள்ள போனா சின்ன வயசு சமாச்சாரமெல்லாம் தானா வருது. நான் சொல்லிகினே இருப்பேன், மாமா கேட்டுகினே இருக்கும்."

(முதல் பிரதியில் பீரைக் காப்பி ஆக்கியிருந்தேன். காப்பி குடித்த யாரும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. திரும்பவும் பீராக்கிவிட்டேன்.)

ஓட்டலிலிருந்து பஸ்ஸுக்கு வரும் வழியில், நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவனிடம் திம்மராயன் ஒரு கன்னடப் புத்தகம் வாங்குவார். மறுநாளிலிருந்து, ஷெட் விட்டு வந்து கைகால் கழுவியதும், கொல்லைப்பக்கத்தில் உட்கார்ந்து அதை மனைவிக்குப் படித்துக்காட்டுவார். கன்னடப் புத்தகம், காதில் விழுவது தமிழ், ஊடே கன்னடமும் தெலுங்கும். பார்த்த மாத்திரத்தில் மொழிபெயர்க்கிறார் என்று நினைத்து எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு பத்தியை அப்படிச் செய்ய எனக்கு ஒரு வாரம் ஆகும்.

"எங்க மாமா நல்லா ஓதும் டீச்சரம்மா" என்பாள் நஞ்சம்மா.

இந்த ஊரில் ஒரு வாக்கியம் ஒரு பாஷையில் கிளம்பி இன்னொன்றில் போய் முடியும். அவள் சொன்னதை நான் கன்னடமாக எடுத்துக்கொண்டேன். கன்னடத்தில் ஓதுவது என்றால் படிப்பது. தமிழில் ஓதுவதற்குக் கையில் புத்தகம் வேண்டியதில்லை. எந்த பாஷையில் சொல்கிறாய் என்று நான் கேட்கவில்லை. பாஷை சொல்லித்தருகிறவளுக்கு அது தோன்றவில்லை.

3

அன்று முறம் இரவல் வாங்கப் போனவள், கதை கேட்க உட்கார்ந்துவிட்டேன். கதையில் ஒரு சிறுமி. அவளுடைய கன்றுக்குட்டி தொலைந்துவிட்டது. ஒரு காது மட்டும் வெள்ளை. மழை பிடித்துக்கொள்கிறது. பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் நின்று அவள் கன்றைக் கூப்பிடுகிறாள். திம்மராயன் புத்தகத்தை மூடினார்.

"மிச்சம் நாளைக்கு."

"கன்னு கிடைச்சுதா இல்லையா, அதை மட்டும் சொல்லிடுங்க" என்றேன்.

"அவசரப்பட்டா கன்னு ஒளிஞ்சிக்கும் டீச்சரம்மா."

நஞ்சம்மா ராகி புடைத்தபடி சிரித்தாள். "இஸ்கூல்ல புள்ளைங்கள அழவெக்கற டீச்சரம்மா, எங்க மாமாகிட்ட மாட்டிகினு முழிக்கறதப் பாரு!"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவர் கையிலிருந்த புத்தகத்தை எடுத்தேன். என் முதல் வேலை ஆனேக்கல்லில். கன்னடம் படிக்க அங்கே கற்றிருந்தேன். முடிவை மட்டும் பார்க்கலாம் என்று கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். புழுவுக்கு ஒரு நாளில் எத்தனை முறை தழை போடவேண்டும் என்று அட்டவணை இருந்தது.

"இது பட்டுப்புழு வளர்க்கிற புஸ்தகமாச்சே!"

அதுதான் அந்த வாக்கியம். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தப்பாக எழுதியிருப்பதைப் பார்த்தால் வாய் தானாகத் திறக்கும் பழக்கம். பதினோரு வருஷ உத்தியோகம்.

திம்மராயன் என்னைப் பார்க்கவில்லை. நஞ்சம்மாவைப் பார்த்தார்.

"நஞ்சம்மா திடுக்கிட்டாள், முறம் கையிலிருந்து—" என்று ஒரு பிரதியில் எழுதியிருக்கிறேன். அப்படி நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஏமாற்றியதாகவும் அவள் நம்பியதாகவும் ஆகியிருக்கும். இரண்டு நாள் சண்டை போட்டுவிட்டுச் சேர்ந்திருப்பார்கள். ஆனால் நஞ்சம்மாவின் கை நிற்கவில்லை. முறம் முன்பு போலவே ஏறி இறங்கியது. அவளுக்கு இது புதிதில்லை என்பதை அவர் அந்த நிமிஷம்தான் தெரிந்துகொண்டார்.

"ஓ" என்றார். எழுந்து போய், சுத்தமாக இருந்த கைகளை மறுபடியும் கழுவினார்.

4

நாலு நாள் கழித்து ஏழு புத்தகங்களைக் கட்டிக்கொண்டு வந்து என் வாசலில் வைத்தார். ஒன்று மாட்டு வைத்தியம், ஒன்று மூன்றாம் வகுப்புக் கணக்கு, ஒன்று கிறிஸ்தவர்களுடைய ஜெபப் புத்தகம். மற்றவற்றை நான் பார்க்கவில்லை.

"உங்களுக்கு ஒதவும் டீச்சரம்மா. எங்க வூட்டுல எடத்த அடைச்சிகினு கெடக்குது."

குரலில் கோபம் இல்லை. எப்போதும் பேசுகிற மரியாதையோடுதான் பேசினார்.

நஞ்சம்மாவைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்தேன். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம பூடுமாங்க? மொதப் பொஸ்தகத்துலயே தெரியும். தேர்ல கொலுசு தொலச்ச பொண்ணு கத. அது நான்தானுங்க. பெங்களூர்ல பீர் குடிக்கறப்போ நான்தான் மாமாகிட்ட சொன்னேன். மறுநா பொஸ்தகத்துல வந்துடுச்சி."

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"எங்கொலுசு கடைசி வரைக்கும் கெடைக்கவே இல்லீங்க. எங்கப்பா அடிச்ச அடி இன்னும் ஞாபகம் இருக்குது. மாமா கதையில கெடச்சிடுச்சி. தேங்கா ஒடைக்கற கல்லாண்ட, மண்ணுக்குள்ள." குடத்தை நிமிர்த்தினாள். "கேட்டா நின்னு பூடும்னு பயம். பக்கத்தத் திருப்பு மாமா, திருப்பு மாமான்னு மனசுக்குள்ளாற சொல்லிகினே இருப்பேன். யாராச்சும் பாத்துட்டா இன்னா பண்றது?"

யாராச்சும் என்று அவள் சொன்னது என்னைத்தான்.

வீட்டுக்கு வந்து, அடித்துப் போட்டிருந்த தொடக்கத்தைத் திரும்ப எழுதினேன். நான் கற்பனை செய்ததாக நினைத்தது நிஜமாகவே அவளுடையதாக இருந்தது. எழுத்தாளருக்கு இது பெருமையாக இருக்கவேண்டும். இல்லை.

அந்த மாதக் கடைசி ஞாயிறு அவர்கள் பெங்களூர் போனார்கள். பாட்டில் வந்தது. அவள் ஏதோ சின்ன வயசு விஷயம் சொல்ல ஆரம்பித்தாள். "வேணாம் நஞ்சி" என்றாராம். பாதிப் பாட்டிலை அப்படியே விட்டுவிட்டு மத்தியான பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்கள். அடுத்த மாதம் போகவில்லை.

5

முடிவுகள்.

(அ) திம்மராயன் சிலேட்டோடு என்னிடம் வருகிறார். நான் அவருக்குக் கன்னட எழுத்து சொல்லித்தருகிறேன். ஆறு மாதத்தில் அவர் மனைவிக்கு நிஜமாகவே படித்துக்காட்டுகிறார். பத்திரிகைகளுக்கு இது பிடிக்கும். படிப்பறிவின் மேன்மை. ஆனால் எழுத்து தெரிந்தபின் அந்தப் புத்தகத்தில் அவர் என்ன படிப்பார்? தழை போடும் நேரத்தையா?

(ஆ) நான் போய்ப் பொய் சொல்கிறேன். இதை எழுதுவதற்கு முன் செய்தே பார்த்தேன். "எனக்குக் கன்னடம் அரைகுறைங்க. பைண்டு பண்ணினவன் இரண்டு புஸ்தகத்தைச் சேர்த்துத் தைச்சுட்டான் போலிருக்கு. நடுவில் கதைதான் இருக்கு" என்றேன்.

திம்மராயன் பொறுமையாகக் கேட்டார். "டீச்சரம்மா, கோவிச்சிக்காதீங்க. நீங்க பொய்ய இன்னும் கொஞ்சம் நெல்லா சொல்லப் பழகணும்" என்று சிரித்தார். அவர் சிரித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எனக்காகச் சிரித்தார்.

(இ)

இதற்கு மேல் தாள் காலியாக இருக்கிறது. வாசிக்கிறவர்கள் தங்களுக்குத் தோன்றுவதை எழுதிக்கொள்ளலாம் என்றுதான் விட்டுவிட நினைத்தேன். அப்படி விடுவதும் ஒரு தப்பித்தல்தான் என்று உறுத்தியது. நோட்டை எடுத்துக்கொண்டு நஞ்சம்மாவிடம் போனேன்.

6

அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். திம்மராயன் ஷெட்டுக்குப் போயிருந்தார். இதுவரை எழுதியதை அவளுக்குப் படித்துக்காட்டினேன். பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பித்தான் படித்தேன்; எனக்கே கூச்சமாக இருந்தது.

"எங்க பேர மாத்திடுவீங்க இல்ல?"

"மாத்திட்டேன்."

"பீரு?"

"அது இருக்கட்டுமே."

"இருக்கட்டும்" என்று சிரித்தாள். கொஞ்சநேரம் உரித்தாள். "நெல்லாத்தாங்க இருக்குது. ஆனா மாமா சொல்றாப்பல இல்ல."

"முடிவு இல்லாததால்தான்" என்றேன். "அந்தக் கன்னுக்குட்டியும் உன்னுதுதானே? என்னாச்சுன்னு சொல்லு. நடந்தபடியே எழுதி முடிச்சிடறேன். இல்லேன்னா எப்படி ஆகணும்னு ஆசையோ அதைச் சொல்லு. கிடைச்சதா எழுதறேன்."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேன். நான் எவ்வளவு அவசரப்பட்டேன் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். என்னால் நின்றுபோன ஒன்றை நானே முடித்துவைத்துவிட்டால் மனம் லேசாகும் என்று எனக்குத் தோன்றியது.

நஞ்சம்மா உரித்த பருப்பை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"மாமாகிட்ட பாதிதாங்க சொன்னேன். பாத ரெண்டாப் பிரியற எடம் வரைக்கும். அப்பறம் பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சி."

"அப்போ அவருக்கும் தெரியாதா?"

"தெரியாது. அடுத்த வாட்டி போறப்போ சொல்லலாம்னு வெச்சிருந்தேன்."

"என்கிட்ட சொல்லேன், நஞ்சம்மா. நான் எழுதினா அவர் காதுக்கும் ஒரு நாள் போகும்."

அவள் கோபப்படவில்லை. ஒரு காயை எடுத்து, நார் கிழித்து, பிரித்து, உள்ளே பூச்சி இருக்கிறதா என்று பார்த்தாள்.

"வேணாங்க டீச்சரம்மா" என்றாள். "மாமா கேக்கட்டும். அதுக்கு மின்ன நான் யாருக்கும் சொல்லமாட்டேன்."